தோழியோடு ஒரு வாரம் ஓய்வு: சாண்டோரினியா, நாக்ஸோஸா?

செண்பகம்:
நானும் பள்ளிக்காலத் தோழியும் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம் கிரேக்கத் தீவு ஒன்றில் தங்கப் போகிறோம். ஏதென்ஸ் வரை டிக்கெட் போட்டாகிவிட்டது, விசாவும் கையில் இருக்கிறது. இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. வீடு, அலுவலகம், பிள்ளைகள் என்று எதையும் நினைக்காமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். அவளுக்குச் சாண்டோரினி வேண்டும். நாக்ஸோஸ்தான் அமைதி என்று எனக்குச் சிலர் சொன்னார்கள். இருவரும் சைவம், இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. எது சரி?

கடல்காகம்:
நாக்ஸோஸ். யோசிக்கவே வேண்டாம் அக்கா.

சாண்டோரினியின் பரப்பளவு சுமார் 76 சதுர கிலோமீட்டர். 2023-இல் அங்கே போனவர்கள் ஏறத்தாழ 34 லட்சம் பேர். கூட்டம் தாங்காமல் 2025-இல் இருந்து சொகுசுக் கப்பல் பயணிகளுக்கு ஒரு நாளைக்கு 8,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கட்டுப்படுத்திய பிறகே இவ்வளவு! அங்குள்ள ஓயா என்ற ஊரில் சூரியன் மறைவதைப் பார்க்க, ஒரு மணி நேரம் முன்பே போய் இடம் பிடித்து, அடுத்தவர் கைப்பேசித் திரையில்தான் சூரியனைப் பார்ப்பீர்கள்.

இந்த இரண்டும் சேர்ந்த சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்திலேயே நாக்ஸோஸ்தான் பெரியது, சுமார் 430 சதுர கிலோமீட்டர். மேற்குக் கரையில் அகியோஸ் புரோகோபியோஸ், அகியா அன்னா, பிளாகா என்று மணல் கடற்கரைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. துறைமுக ஊரான ஹோராவில் இருந்து பேருந்து வரும். கார் தேவையே இல்லை.

மலைக்காற்று:
சாண்டோரினி என்றாலே ஓயாவைக் காட்டிப் பயமுறுத்துவது இணையத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. கப்பல் கூட்டம் போவது பெரும்பாலும் தீவின் தலைநகரான ஃபிராவுக்கும் ஓயாவுக்கும்தான். பீர்கோஸ், எம்போரியோ மாதிரி உள்ளூர்க் கிராமங்களில் தங்கிப் பாருங்கள். சந்துகளில் பூனைகள் நடமாட்டம்தான் அதிகம்.

தவிர, அந்த நிலம் வேறு எங்கும் கிடைக்காது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து நடுப்பகுதி கடலுக்குள் இறங்கி உண்டான பள்ளம் அது. அதன் விளிம்பில் உட்கார்ந்து ஒரு மாலை முழுக்கச் சும்மா இருக்கலாம். கடற்கரை எங்கும் இருக்கிறது. தோழி ஆசைப்பட்டுக் கேட்கிறார், அதற்கு மதிப்பு இல்லையா?

கடல்காகம்:
சரி, ஒரு சந்தேகம். எம்போரியோவில் தங்கினால் எரிமலைப் பள்ளம் தெரியாது. பள்ளம் தெரிகிற அறை எடுத்தால் வாடகையைக் கேட்டே மயக்கம் வரும். காட்சிக்காகச் சாண்டோரினி போய், காட்சி இல்லாத ஊரில் தங்கி, தினமும் பேருந்தில் போய்க் காட்சி பார்த்துத் திரும்புவதா ஓய்வு? அங்கே பேருந்துகள் எல்லாம் ஃபிராவில்தான் கூடுகின்றன. பெரிசா கடற்கரையில் இருந்து ஓயா போக வேண்டுமானாலும் அங்கே இறங்கி மாற வேண்டும். தப்பிக்கப் பார்த்த கூட்டத்திலேயே போய் நிற்பீர்கள்.

மலைக்காற்று:
பீர்கோஸ் உச்சியில் ஏறினால் தீவு முழுவதும் தெரியும் நண்பரே, பள்ளமும் சேர்த்து. தினமும் ஓயா போகச் சொன்னது யார்? பெரிசாவின் கறுப்பு மணலில் கிடக்கலாம், ஒரு காலை அக்ரோதிரியில் சாம்பலுக்கு அடியில் இருந்து தோண்டியெடுத்த பழைய நகரத்தைப் பார்க்கலாம். கூரை போட்டிருப்பதால் அங்கே வெயில் இல்லை. திராட்சைக் கொடிகளைத் தரையோடு கூடை மாதிரி வளைத்து வளர்க்கிறார்கள், காற்றில் இருந்து காப்பாற்ற. அதைப் பார்த்துக்கொண்டு நடப்பதே ஒரு சுகம்.

காற்று என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் நாக்ஸோஸ் கடற்கரையில் மெல்டெமி என்ற கோடைக்கால வடகாற்று வீசும்போது மணல் முகத்தில் ஊசி குத்துவது பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?

கடல்காகம்:
மெல்டெமி ஜூலை, ஆகஸ்டில்தான் உச்சம். செப்டம்பரில் தணியத் தொடங்கும், கடல் மட்டும் கோடை வெப்பத்தை விடாமல் வைத்திருக்கும். தவிர அந்த வடகாற்று சாண்டோரினிக்கு விடுமுறை கொடுத்துவிட்டு நாக்ஸோஸுக்கு மட்டும் வருவதில்லை.

ஊர்சுற்றி:
இதில் சண்டை எதற்கு? இரண்டுக்கும் போங்கள். நாக்ஸோஸில் இருந்து சாண்டோரினி பெரிய கப்பலில் சுமார் இரண்டு மணி நேரம்தான். இவ்வளவு செலவு செய்து விசா வாங்கி வந்துவிட்டு ஒரே தீவில் உட்கார்ந்திருக்க எனக்கு மனசு வராது. பக்கத்துத் தீவான பாரோஸையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பவளம்:
ஊர்சுற்றி தம்பி, இரண்டு மணி நேரம் என்பது கப்பல் ஓடுகிற நேரம். காலையில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, துறைமுகத்தில் வெயிலில் நின்று, கப்பல் தாமதமாக வந்து, இறங்கியதும் வண்டி தேடி, புது அறை தயாராகும் வரை பெட்டியோடு காப்பிக் கடையில் உட்கார்ந்தால், அந்த நாள் போச்சு. மூன்று தீவு என்றால் ஒரு வாரத்தில் மிஞ்சுவது என்ன? சுற்ற ஆசைப்படுகிறவர் தாராளமாகச் சுற்றலாம். இவர்கள் கேட்டது ஓய்வு.

செண்பகம், எந்தத் தீவு என்பதைவிட இன்னொன்றை முதலில் பேசி முடியுங்கள். நான் தோழியோடு ஹைட்ரா என்ற தீவுக்குப் போனேன். அவள் ஆறு மணிக்கு எழுந்து நடக்கிறவள், நான் ஒன்பது வரை புரள்கிறவள். முதல் நாளே சொல்லிக்கொண்டோம்: மதியம் வரை அவரவர் பாடு, மதியச் சாப்பாட்டில் சந்திப்பு. அதனால்தான் கடைசி நாளும் பேசச் சங்கதி இருந்தது. ஒரே அறையில், ஒரே நேரத்துக்கு எழுந்து, ஒன்றாகவே எல்லாம் செய்தால் மூன்றாம் நாள் உப்பு ஜாடியைப் பார்த்தாலும் கோபம் வரும்.

அப்புறம், ஹைட்ராவையும் யோசியுங்கள். காரும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை, பெட்டியைக் கோவேறு கழுதை சுமக்கும். ஏதென்ஸ் துறைமுகமான பிரேயஸில் இருந்து வேகப்படகில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

கடல்காகம்:
ஹைட்ராவில் சொல்லும்படியான மணல் கடற்கரை இல்லை, பாறையில் இருந்துதான் கடலில் இறங்க வேண்டும். படிக்கட்டும் ஏராளம். ஐம்பது தாண்டியவர்களுக்கு அதைச் சொல்கிறீர்களே.

பவளம்:
ஐம்பது தாண்டினால் முழங்கால் கழன்றா விழுகிறது? ஏணி வைத்திருக்கிறார்கள், இறங்கினால் நேராக ஆழமான, தெளிந்த நீர். நீந்தத் தெரியாவிட்டால் மட்டும் நாக்ஸோஸ்.

அரைவயிறு:
சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆச்சரியம்தான். சைவத்துக்குக் கிரேக்கத் தீவுகள் பயப்பட வேண்டிய இடமே இல்லை. அவித்த கீரையில் எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிய ஹோர்தா, தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை மாதிரியான கிகாந்தெஸ், கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட பிரியாம். தக்காளியிலும் குடைமிளகாயிலும் சோறு அடைத்துத் தரும் கெமிஸ்தாவில் சில கடைகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். விரதச் சாப்பாடு என்று சொன்னாலும் கவனம், அவர்கள் விரதத்தில் இறாலும் கணவாயும் உண்டு!

தீவு வாரியாகச் சொன்னால், சாண்டோரினியின் மஞ்சள் பருப்பு ஃபாவாவை மசித்து வெங்காயம் தூவித் தருவார்கள். நம் வீட்டு மசித்த பருப்புக்குத் தூரத்து உறவு. நாக்ஸோஸுக்கு உருளைக்கிழங்கும் கிராவியேரா பாலாடைக்கட்டியும் பேர் போனவை. ஆனால் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையில் இருந்து எடுப்பதைச் சேர்ப்பது பழைய முறை, கண்டிப்பான சைவர்கள் விசாரித்துச் சாப்பிடுங்கள். என் ஓட்டு நாக்ஸோஸுக்கு. விளைச்சல் உள்ள தீவு, காய்கறி அந்த மண்ணிலேயே வருகிறது.

மலைக்காற்று:
ஓட்டெடுப்பு ஆகிவிட்டதா? சாண்டோரினியின் சின்னத் தக்காளியை விட்டுவிட்டீர்களே.

செண்பகம்:
எல்லோருக்கும் நன்றி. இந்த இழையைத் தோழிக்கு அனுப்பினேன். தனித்தனி அறை என்றதும் முதலில் முகம் சுருங்கியது, பிறகு அவளே “உன் குறட்டைக்கு இது நல்ல ஏற்பாடு” என்று எழுதினாள். நாக்ஸோஸுக்குச் சம்மதம், ஆனால் ஒரு நாள் சாண்டோரினி போய்த் திரும்ப வேண்டும் என்கிறாள். கடைசி நாள் காலைக் கப்பலில் பிரேயஸ் வந்து, அன்றிரவே விமானம் ஏறுவதாகத் திட்டம். சரிப்படுமா?

கடல்காகம்:
கடைசி நாள் திட்டம் வேண்டவே வேண்டாம். நாக்ஸோஸில் இருந்து பிரேயஸ் பெரிய கப்பலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். காற்றின் வலு பியூஃபோர்ட் அளவுகோலில் 9 ஆகிவிட்டால் பெரிய கப்பலும் நிற்கும், வேகப்படகு அதற்கு முன்பே நின்றுவிடும். செப்டம்பரிலும் அது நடக்கும். முந்தைய நாளே ஏதென்ஸ் வந்து ஓர் இரவு தங்குங்கள். சாண்டோரினி ஒரு நாள் பயணம் கூடாது என்பது என் கருத்து. நீங்களும் அந்தப் பகல் கூட்டத்தில் ஒருவராகிவிடுவீர்கள்.

மலைக்காற்று:
கடைசி இரவு ஏதென்ஸில் என்பதில் மட்டும் கடல்காகத்தோடு ஒத்துப்போகிறேன். ஒரு நாள் பயணம் பற்றி: தோழி போகட்டும், நீங்கள் பிளாகாவில் படுத்திருங்கள். பவளம் அக்கா சொன்ன ஏற்பாடு அதற்குத்தானே?

பவளம்:
அதற்கேதான். போகிறவர் ஏறுவதற்கு முன் அக்ரோதிரி திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொள்ளட்டும்.