ஓவர்லே: ‘ஒருங்கிணைந்த நாட்காட்டி’யா, ‘அடுக்குநாட்காட்டி’யா?

வணக்கம்.

கேரள எல்லையான வாளையாறு தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கான கையேட்டில், அவுட்லுக் செயலி அலுவலக நாட்காட்டியையும் சொந்த நாட்காட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே திரையில் காட்டும் ‘ஓவர்லே’க்கு ‘ஒருங்கிணைந்த நாட்காட்டி’ என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. படிப்பவர் இரண்டையும் ஒன்றில் கொட்டிவிடுவார், கெடுவதே அங்குதான்.

அலுவலக நாட்காட்டியை ஐசிஎஸ் (நாட்காட்டிப் பதிவுகளை எடுத்துச்செல்லும் வடிவம்) கோப்பாக எடுத்துச் சொந்த நாட்காட்டியில் ஏற்றினால் கிடைப்பது அன்றைய நகல் மட்டுமே. கூட்டம் 3 மணியிலிருந்து 4-க்கு மாறினாலும் நகலில் 3 மணியே நிற்கும். வேண்டாமென்றால் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். (ஏற்றித்தான் தீரவேண்டுமென்றால் புதிதாக ஒரு வெற்று நாட்காட்டி தொடங்கி அதில் ஏற்றுங்கள். தப்பானால் அதையே மொத்தமாக நீக்கிவிடலாம்.)

ஓவர்லேயில் பதிவுகள் அதனதன் கணக்கிலேயே இருக்கும். கைபேசியில் இரண்டு கணக்கையும் சேர்த்து, கணக்குக்கொரு நிறம் கொடுத்தால் போதும். அடுக்குத்தொடரைப் பிரித்தாலும் பொருள் தரும், இரட்டைக்கிளவியைப் பிரித்தால் தராது அல்லவா? இது முதல் வகை. ஆகவே ‘அடுக்குநாட்காட்டி’.

— கோவை

> ஆகவே ‘அடுக்குநாட்காட்டி’

‘அடுக்கு’ நன்று, மலையாளத்திலும் உள்ள சொல். இங்கே விளக்கவே வேண்டாம். ஆனால் நாட்காட்டி ஒன்றாகவில்லையே, காட்சிதானே ஒன்று? ‘அடுக்குக்காட்சி’ என்போம்.

எங்கள் பக்கம் மூன்றாவது, நான்காவது அடுக்கும் வேண்டும்: தமிழக விடுமுறை, கேரள விடுமுறை. 2023-இல் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14, விஷு 15. ஒரே நாள்தான் என்று நம்பி ஒன்றை மட்டும் வைத்தவர் தப்பு செய்திருப்பார். விடுமுறைப் பட்டியலுக்கு முகவரி கொடுத்துச் சேர்க்கும் ‘சந்தா’ முறை போதும். கூகுளில் மாற்றம் வந்துசேர 12 மணி நேரம் வரை ஆகலாம், விடுமுறைக்கு அது பரவாயில்லை. கூட்டங்களுக்கு உதவாது. இன்னொன்று, சொந்த நாட்காட்டியையும் இப்படிச் சேர்க்கக் கூகுள் தரும் ரகசிய முகவரி யார் கையில் கிடைத்தாலும் விவரம் முழுக்கத் தெரியும். வெளியே போய்விட்டால் அமைப்பில் அதை மாற்றிவிடுங்கள்.

— கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு)

‘அடுக்குக்காட்சி’க்கு என் வாக்கும். ஆனால் அது பார்ப்பவருக்கு மட்டும். உடன் வேலை செய்பவருக்கு உங்கள் பல் மருத்துவர் நேரம் தெரியாது. அங்கேயே கூட்டம் வைப்பார். அதற்காக அலுவலக நாட்காட்டியில் தலைப்பு, காரணம் எதுவுமின்றி ‘வேலையில்’ (Busy) என்று மட்டும் போடும் பதிவுக்கும் சொல் வேண்டும். ‘நிழற்பதிவு’ என்று யோசித்தேன், நிழற்படம் நினைவுக்கு வருகிறது. பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதேதான்: ‘இடம்பிடிப்பு’.

கையேட்டில் ஒரு எச்சரிக்கையும் சேருங்கள். கூகுளில் முழுநாள் நிகழ்வு போட்டால் அது தானாக ‘ஓய்வு’ (Free) என்றே பதியும். ‘வேலையில்’ என்று மாற்றாவிட்டால் துண்டு போட்டும் இருக்கை போய்விடும்.

‘துண்டு’ என்றே வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

— மீனாட்சிபுரம்