பேச்சு வராத, பார்வையும் செவித்திறனும் குறைந்த மகளோடு எப்படி உரையாடுவது?

மன்னார்குடித் தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு வரும் தை மாதத்தில் ஏழு வயது நிறைகிறது. குறைமாதத்தில் பிறந்தவள்; பிறந்த சில நாள்களிலேயே மூளைக்கு ஆக்சிஜன் குறைந்ததால் மூளை முடக்குவாதம் ஏற்பட்டது. கழுத்து இன்னும் முழுமையாக நிற்கவில்லை, கைகள் இரண்டும் விறைத்தே இருக்கின்றன. கண்ணில் கோளாறு இல்லை, கண் அனுப்புவதை மூளை புரிந்துகொள்வதில்தான் சிக்கல் என்று கண் மருத்துவர் விளக்கினார். ஒலிக்கு மூளை தரும் எதிர்வினையை அளக்கும் பெரா பரிசோதனையில் இரண்டு காதுகளிலும் நடுத்தர அளவு செவித்திறன் குறைவு இருப்பது தெரிந்து, காதுக் கருவியும் வாங்கியிருக்கிறோம். வலிப்புக்கு இருவேளை மருந்து கொடுத்து வருகிறோம்.

நாங்கள் செல்லும் பயிற்சி மையத்தில் தண்ணீர், சோறு, கழிவறை, பந்து என்று நாற்பது பட அட்டைகளை லேமினேட் செய்து கொடுத்தார்கள். எட்டு மாதமாக என் மனைவி ஒவ்வொரு மாலையும் அவற்றை அவள் முகத்துக்கு நேரே காட்டி வருகிறாள். மகள் ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கடைசி அறிக்கையில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். ஆனால் என் தாயாரோ, அவளுக்கு எல்லாம் தெரியும் என்கிறார். அழுகையின் சுருதியை வைத்தே பசியா, தூக்கமா, இடம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டுமா என்று சொல்லிவிடுகிறார். அது உண்மையான புரிதலா, பேத்தியின் மேல் உள்ள பாசத்தில் தோன்றும் கற்பனையா என்று எனக்கு விளங்கவில்லை. சென்ற மாதம் அவர் பத்து நாள் ஊருக்குப் போயிருந்தபோது, நானும் என் மனைவியும் எதைச் செய்தாலும் அழுகை அடங்கவில்லை, சோறும் சரியாக இறங்கவில்லை.

பட அட்டைகளைத் தொடர வேண்டுமா? தொடர வேண்டாம் என்றால், எங்கிருந்து தொடங்குவது?

சிறப்பு ஆசிரியர் ஒருவரின் பதில்:

வணக்கம் ஐயா. வீட்டுக்குச் சென்று கற்பிக்கும் சிறப்பு ஆசிரியராகப் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றி வருகிறேன். அட்டைகளை இப்போதைக்கு ஒரு பெட்டியில் போட்டு மேலே வைத்துவிடுங்கள். மூளைசார் பார்வைக் குறைபாடு உள்ள குழந்தைக்கு, நிறைய வண்ணங்களும் கோடுகளும் நெருங்கிய படம் ஒரு குழப்பமாகத்தான் தெரியும். போதாததற்கு, லேமினேட் தாளின் பளபளப்பில் குழல்விளக்கின் ஒளி பட்டுக் கூசும். இக்குழந்தைகளில் பலர் பொருளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, கையை நீட்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்புவார்கள். முகத்தைத் திருப்பியதை மறுப்பு என்று அறிக்கையில் எழுதியவர் இதைக் கவனித்தாரா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

உங்கள் தாயார் கற்பனை செய்யவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த சாரிட்டி ரோலண்ட் என்பவர் 1990-இல் வெளியிட்ட தொடர்பாடல் அட்டவணை, ஒரு குழந்தையின் தொடர்பாடலை ஏழு படிகளாகப் பிரிக்கிறது. முதற்படியில் குழந்தைக்குத் தெரிவிக்கும் நோக்கமே இருக்காது. உடல் தன் நிலையைக் காட்டும், அருகில் இருப்பவர் அதைப் படித்துக்கொள்வார். நாம் தவறாமல் பதில் கொடுக்கக் கொடுக்க, ‘நான் இப்படிச் செய்தால் இது நடக்கிறது’ என்று குழந்தை உணர்ந்து, வேண்டுமென்றே செய்யத் தொடங்கும். பொருள்களும் படங்களும் அடையாளமாக வருவது ஐந்தாம் படியில்தான். இரண்டாம் படியில் இருக்கும் உங்கள் மகளிடம் ஐந்தாம் படிக்கான பாடத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே முதல் வேலை, பாட்டிக்குத் தெரிந்ததை எழுதி வைப்பது. ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போதும்: அவள் என்ன செய்தாள், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, நாம் என்ன செய்ததும் அடங்கினாள். இரண்டு வாரம் எழுதினால், வீட்டில் எல்லாரும் ஒரே செய்கைக்கு ஒரே பதிலைக் கொடுக்க முடியும். பாட்டி ஊருக்குப் போனால் பேத்தியின் மொழியும் கூடவே போய்விடும் நிலை மாறும்.

இரண்டாவது வேலை, தொட்டு உணரும் பொருள்களை, அடையாளமாக அல்ல, அடுத்து நடக்கப்போவதன் முன்னறிவிப்பாக நாளின் நிகழ்வுகளோடு இணைப்பது. 1960-களில் நெதர்லாந்தின் சின்ட் மிகில்ஸ்கெஸ்டல் என்ற ஊரில், ருபெல்லா தொற்றால் பார்வையும் செவியும் இழந்து பிறந்த குழந்தைகளோடு பணியாற்றிய யான் வான் டைக் என்பவரின் வழிமுறைகளிலிருந்து வளர்ந்த முறை இது. குளியல், உணவு, வெளியே செல்வது என்று மூன்று நிகழ்வுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குளியலுக்கு, நீங்கள் தேய்த்துவிடும் பீர்க்கங்காய் நாரையே கொடுக்கலாம். உணவுக்கு அவள் உண்ணும் கரண்டி. வெளியே செல்வதற்கு நாற்காலியின் இடுப்புப் பட்டை போன்ற ஒரு துண்டு. பொம்மைக் கார், பொம்மைக் குளியல் தொட்டி வேண்டாம். பார்த்து அறிந்த நமக்குத்தான் பொம்மைக் கார் காரைப் போல இருக்கிறது. தொட்டு அறியும் குழந்தைக்கு அது நான்கு சக்கரம் உள்ள ஒரு பிளாஸ்டிக் கட்டி, அவ்வளவுதான். அவள் உடலில் எது படுகிறதோ அதுவே அவளுக்கு அந்த நிகழ்வின் பெயர்.

நிகழ்வு தொடங்குவதற்குச் சற்று முன்பு பொருளைக் கொடுங்கள். கொடுக்கும்போது அவள் கையைப் பிடித்து அழுத்த வேண்டாம். உங்கள் கையை அவள் கைக்குக் கீழே வைத்து, பொருளை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள், அவள் விரும்பினால் தொடரட்டும், இல்லையென்றால் விலக்கிக்கொள்ளட்டும். பிறகு மனதுக்குள் பதினைந்து வரை எண்ணிக் காத்திருங்கள். விறைத்த தசையும் வலிப்பு மருந்தும் உள்ள குழந்தைக்குச் செய்தி போய்ச் சேர்ந்து பதில் வர அவ்வளவு நேரம் பிடிக்கும். பெரும்பாலான பெரியவர்கள் மூன்று வரை எண்ணுவதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். நிகழ்வு முடிந்ததும், அதே பொருளை அவள் கையோடு சேர்த்து ஒரு கூடையில் போட்டு முடித்து வையுங்கள்.

நாகர்கோவிலில் இருந்து ஒரு தாய் எழுதியது:

என் மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. பார்வை முற்றிலும் இல்லை, பேச்சும் இல்லை, நடையும் இல்லை. ஆசிரியர் சொன்னதற்கு முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, சகோதரரே. அந்தப் பத்து நாள் அழுகைக்கு முதலில் உடல் வலி காரணமில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு மலச்சிக்கல், உணவு மேலேறி நெஞ்சு எரிவது, சொத்தைப் பல், இடுப்பு மூட்டு விலகுவது எல்லாம் அடிக்கடி வரும். என் மகனின் ‘பிடிவாதம்’ என்று ஓராண்டு நாங்கள் நினைத்திருந்தது, எக்ஸ்ரே எடுத்தபோது இடது இடுப்பு மூட்டாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வராது.

ஆள் யார் என்பதையும் தொடுதலால் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் என் அடையாளம் கண்ணாடி வளையல், கணவருக்குக் கைக்கடிகாரத்தின் பட்டை, என் தங்கைக்கு அவள் பின்னல். அருகில் போனதும் முதலில் தோளைத் தொட்டு, பிறகு அடையாளத்தை அவன் விரலுக்குக் கொடுத்த பின்தான் தூக்குவோம். முன்னறிவிப்பு இல்லாமல் யாரோ ஒருவர் வந்து தூக்கினால் நமக்கே உதறலெடுக்கும்.

உங்கள் மகளுக்குக் கொஞ்சம் பார்வை இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அவள் எதையாவது பார்க்கத் தொடங்கும்போது, ‘பாரு, பாரு’ என்று பேசாதீர்கள். எங்கள் மையத்தில் இதே வகைப் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். குரல் வந்ததும் பார்வை போய்விடும், இரண்டையும் ஒரே நேரத்தில் மூளையால் தாங்க முடிவதில்லை. தொலைக்காட்சியையும் நிறுத்திவிடுங்கள்.

என் மகன் குதிகாலால் தரையில் இரண்டு முறை தட்டுவான். தசை விறைப்பு என்றே இரண்டு வருடம் நினைத்திருந்தோம். ஒருநாள் ஆட்டோ நின்ற பிறகும் தட்டிக்கொண்டே இருந்தான். ஓட்டுநர் விளையாட்டாக மறுபடியும் இன்ஜினை முடுக்கியதும் வாய்விட்டுச் சிரித்தான். ‘இன்னும்’ என்பதற்கான அவன் சொல் அது. இன்று சோற்றுக்கும் அதே தட்டல்தான், தைலம் தேய்ப்பதற்கும் அதே தட்டல்தான். அதேபோல் அவள் வேண்டாம் என்று காட்டுவதையும் மதியுங்கள். மருந்தைப் போலத் தவிர்க்க முடியாததைத் தவிர, மற்றவற்றில் முகம் சுளித்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

மன்னார்குடித் தந்தை:

இருவருக்கும் மிக்க நன்றி. குழந்தை நல மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுகிறோம். இன்னும் மூன்று ஐயங்கள் உள்ளன. பொருள்களைப் பழக்கினால் பேச்சு வருவதற்கான வாய்ப்பு அடைபட்டுவிடும் என்று உறவினர்கள் அச்சுறுத்துகிறார்கள். அதில் ஒருவர், பெரியவர் ஒருவர் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, அக்குழந்தை எழுத்துப் பலகையில் முழு வாக்கியங்களைச் சுட்டும் காணொளியை அனுப்பி, பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லரே இப்படித்தான் கற்றார் என்கிறார். இன்னொருவர் டேப்லெட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

பேச்சு மற்றும் மொழிப் பயிற்சியாளர் ஒருவரின் பதில்:

முதல் அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பேச்சுக்கு மாற்றாகவோ துணையாகவோ சைகை, படம் போன்ற மாற்றுத் தொடர்பாடல் முறைகளைப் பயன்படுத்தியவர்களில் நம்பத்தகுந்த சான்று உள்ள 27 பேரை எடுத்து ஆராய்ந்தது. அவர்களில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சிறிதளவேனும் கூடியது, சிலருக்கு மாற்றமில்லை. உங்கள் மகளுக்குப் பேச்சு வரும் என்று நான் சொல்லவில்லை; இந்த முறைகள் அதைத் தடுக்காது என்கிறேன்.

காணொளியில் உள்ள முறையைத் தயவுசெய்து தொடாதீர்கள். குழந்தைக்குத் தெரியாத, கையைப் பிடித்திருப்பவருக்கு மட்டுமே தெரிந்த விடைகள் பலகையில் வருவதைச் சோதனைகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. பெரியவர் தெரிந்தே ஏமாற்ற வேண்டியதில்லை, அவரை அறியாமலே அவர் கை வழிநடத்திவிடும். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018-இல் இம்முறையைப் பயன்படுத்தக் கூடாது என்றே அறிவித்தது. ஆசிரியர் சொன்ன கைக்குக் கீழ் கை முறையில் குழந்தை எந்த நேரமும் தன் கையை எடுத்துக்கொள்ளலாம். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

ஹெலன் கெல்லரின் கதையை உறவினர் பாதியில் படித்திருக்கிறார். 1887 ஏப்ரலில் தண்ணீர்க் குழாயடியில் அவருக்குச் சொல்லின் பொருள் புரிந்ததை எல்லாரும் சொல்வார்கள். அதற்கு முன்பே, ஆசிரியை வருவதற்கும் முன்பே, ரொட்டி வேண்டுமென்றால் வெட்டி வெண்ணெய் தடவுவதுபோல் கையசைப்பார், ஐஸ்கிரீம் வேண்டுமென்றால் இயந்திரத்தைச் சுற்றுவதுபோல் காட்டி நடுங்குவார். அவர் வீட்டில் அந்தச் சைகைகளுக்குப் பதில் கிடைத்துக்கொண்டிருந்தது. உங்கள் தாயார் செய்வதும் அதைத்தான்.

டேப்லெட் பற்றி: திரையில் உள்ள படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல்லை ஒலிக்கும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலி நடைமுறையில் பலருக்கு உதவுகிறது; பார்த்துத் தொட முடிந்த குழந்தைக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். இவளுக்கு இன்று அந்தத் திரையும் பட அட்டையைப் போலத்தான். அதற்குப் பதிலாக, அழுத்தினால் பதிவுசெய்த ஒரே ஒரு சொல்லை ஒலிக்கும் பெரிய பொத்தான் ஒன்று வாங்குங்கள். முழங்கையோ தலையோ, எது அவளுக்கு நன்றாக அசைகிறதோ அங்கே வைத்து, ‘இன்னும்’ என்று பதிவுசெய்யுங்கள்.

ஆசிரியருடன் ஓரிடத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. படிகளை ஏணிபோல் எண்ணி, ஐந்தாம் படி வரும்வரை சொற்களைத் தள்ளி வைக்கக் கூடாது. நாரைக் கொடுக்கும்போதே, காதுக் கருவிக்கு ஒரு முழ தூரத்தில் இருந்து, ‘குளிக்கலாம்’ என்று எல்லாரும் ஒரே சொல்லை ஒரே ராகத்தில் சொல்லுங்கள். கருவி தலையணையில் அழுந்தினால் கீச்சிடும். அதனாலும் குழந்தைகள் அதைப் பிடுங்கி எறிவதுண்டு. ஆகவே பேசும் நேரத்தில் பின்தலை மட்டும் தாங்கலில் இருக்க, காதுகள் விடுபட்டிருக்கட்டும். கழுத்தைத் தூக்கிப் பிடிப்பதிலேயே அவள் வலுவெல்லாம் செலவானால் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

பயிற்சி மையத்தில் வாதம் எழுந்தால் ஒன்றை நினைவூட்டுங்கள்: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொடர்பாடல் என்பதன் விளக்கத்திலேயே தொடுதல்வழித் தொடர்பாடலையும் மாற்று முறைகளையும் சேர்த்திருக்கிறது. முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தில் இவற்றை ஒரே இடத்தில் மதிப்பிடுவார்கள். ஒருமுறை சென்று வாருங்கள்.

மன்னார்குடித் தந்தை, ஆறு வாரம் கழித்து:

மலச்சிக்கல் இருந்தது, மருந்து கொடுத்த பிறகு மாலை அழுகை பாதியாகிவிட்டது. கரண்டி எங்களுக்குப் பலிக்கவில்லை, எஃகின் குளிர்ச்சி பட்டதுமே கையை இழுத்துக்கொள்கிறாள். இப்போது மரக்கரண்டிக்கு மாற்றியிருக்கிறோம், இன்னும் எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் நாரைக் கையில் வைத்தால் நான்காம் வாரத்திலிருந்து அழுகையை நிறுத்தி, வாயை லேசாகத் திறந்து அசையாமல் கிடக்கிறாள். நேற்று நாரைக் கொடுத்துவிட்டு, தொலைபேசி வந்ததால் நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் வீடே அதிரும்படி கத்திவிட்டாள். என் தாயார், ‘குளிக்க வெச்சுட்டுப் போக வேண்டியதுதானே’ என்று என்னைத் திட்டினார்.

ஒரு சிறிய கேள்வி. அந்த நார் நைந்து பிய்ந்துகொண்டிருக்கிறது. புதியதை அப்படியே மாற்றிவிடலாமா?

சிறப்பு ஆசிரியர்:

உடனே மாற்ற வேண்டாம். அதே வகை நார் இரண்டு வாங்கி, அவள் குளிக்கும் சோப்பிலேயே சில நாள் ஊறவைத்து அலசிக் காயவிடுங்கள். ஒரு வாரம் பழையதையும் புதியதையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள், பிறகு பழையதைக் கழற்றிவிடலாம். இரண்டாவது நாரைப் பாட்டியின் பையில் போட்டு வையுங்கள்; அடுத்த முறை பேத்தியையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகும்போது உதவும்.