ஐந்தாவது இன்னிங்ஸ், ஃபர்ஸ்ட் பேஸ்: ஓடியிருக்க வேண்டியது பிட்சர் கோலா, ஃபர்ஸ்ட் பேஸ்மேன் ரிஸ்ஸோவா? (2024 டிசம்பர் பேஸ்பால் உரையாடல்)

பிராங்க்ஸ்வாசி:
நம்ம நியூயார்க் யாங்கீஸ் புது ஃபர்ஸ்ட் பேஸ்மேனா கோல்ட்ஸ்மிட்டை எடுத்த செய்திக்குக் கீழ ரைட்ஃபீல்ட்ராமு எழுதினது இது: "யாரை வாங்கி என்ன புண்ணியம்? கோல் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடியிருந்தா இந்நேரம் 28-ஆவது கோப்பை நம்ம கையில. முதல்ல அவரை டிரேட் பண்ணுங்க."

ரெண்டு மாசமா இதே பாட்டு. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸோட நடந்த உலகத் தொடர் இறுதிப் போட்டியில அக்டோபர் 30-ல நடந்த அஞ்சாவது ஆட்டத்தை முழுசா பாத்தவர் எழுதுற மாதிரியா இருக்கு? அஞ்சாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது நாம 5-0 முன்னால. கோல் அதுவரைக்கும் ஒரு ஹிட் குடுக்கல. டாட்ஜர்ஸ் கீகே ஹெர்னாண்டஸ் சிங்கிள், அதாவது ஒரு பேஸ் வரைக்கும் ஓடுற அடி. எட்மன் அடிச்சது நேரா சென்டர் ஃபீல்டுல ஜட்ஜ் கிளவுஸுக்கு வந்து, கீழ விழுந்துச்சு. ஸ்மித்தோட கிரவுண்டரை எடுத்து வோல்பி தேர்ட் பேஸுக்கு எறிஞ்சது மண்ணுல குத்தி, சிஸம் கையில நிக்கல. பேஸ் லோடட், அதாவது மூணு பேஸ்லயும் ஆள், ஒரு அவுட்டும் இல்ல. அதுக்கப்புறம் கோல் லக்ஸை ஸ்ட்ரைக் அவுட் பண்ணார், ஓட்டானியை ஸ்ட்ரைக் அவுட் பண்ணார். அடுத்தவங்க பண்ண ரெண்டு தப்பையும் துடைச்சு வெச்சவர் அவர்தான். பெட்ஸ் பேட் நுனியில பட்டு உருண்ட பந்தை ரிஸ்ஸோ பிடிச்சார், ஃபர்ஸ்ட் பேஸ்ல அதை வாங்கி அவுட் பண்ண நம்ம ஆள் யாரும் இல்ல, ஒரு ரன் போச்சு. ரிஸ்ஸோ முன்னால ஏறி வந்து எடுத்திருந்தா அவரே மிதிச்சிருக்கலாம். இது ஏன் யார் கண்ணுலயும் படல?

ரைட்ஃபீல்ட்ராமு:
அண்ணே, கேள்வி ஒண்ணுதான். பந்து வலது பக்கம் போனா பிட்சர் எங்க போகணும்?

பிப்ரவரில டாம்பா முகாம்ல பிட்சர்களுக்கு தினமும் நடக்கிற டிரில் இது. மேட்டுல இருந்து பேஸைப் பாத்து நேரா ஓடக் கூடாது. பேஸுக்கு 10, 15 அடி முன்னாடி கோட்டுப் பக்கம் போய்ச் சேரணும். அங்கிருந்து கோட்டுக்கு இணையா திரும்பி ஓடி, பந்தை நெஞ்சு உயரத்துல வாங்கி, பேஸோட உள்விளிம்பை வலது காலால மிதிச்சுட்டு மைதானத்துக்குள்ள விலகணும். இல்லேன்னா ஓடி வர்றவன் மேல மோதுவான். பள்ளிக்கூடப் பசங்க செய்யுறாங்க. 9 வருஷத்துக்கு 32.4 கோடி டாலர் வாங்குறவர் பாதில நின்னு ரிஸ்ஸோவைப் பாத்து கையை நீட்டினார்.

நீலச்சட்டை:
கையை நீட்டினது ஃப்ரீமனுக்கு வழி காட்டத்தான். ஃப்ரீமன் ரெண்டு ரன், தியோஸ்கர் ரெண்டு ரன், 5-5. நீங்க ரெண்டு பேரும் நிதானமா பேசி முடிங்க. எங்க டாட்ஜர்ஸோட வெற்றி ஊர்வலம் நவம்பர் 1-லேயே முடிஞ்சிடுச்சு.

ஸ்கோர்புக்:
பெட்ஸ் அடித்தது அதிகாரப்பூர்வப் பதிவில் சிங்கிள். அது பிழையாக (எரர்) கோலுக்கும் எழுதப்படவில்லை, ரிஸ்ஸோவுக்கும் எழுதப்படவில்லை. யோசனைத் தவறுகளைப் பிழையாகக் குறிக்கக் கூடாது என்பது ஸ்கோரர் விதி. ஆனால் அந்த இன்னிங்ஸின் 5 ரன்களும் அன்எர்ன்ட், அதாவது ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை, பிட்சர் கணக்கில் சேராதவை. எட்மன், ஸ்மித் இருவர் விஷயத்திலும் கிடைத்திருக்க வேண்டிய அவுட்டுகளைக் கூட்டினால் லக்ஸ் ஸ்ட்ரைக் அவுட்டோடு இன்னிங்ஸ் முடிந்திருக்கும். எனவே "கோலின் எரர்", "ரிஸ்ஸோவின் எரர்" என்று எழுதுவதை இருவரும் நிறுத்தினால் நல்லது.

ரைட்ஃபீல்ட்ராமு:
பேப்பர்ல என்ன வேணா இருக்கட்டும். கோலோட எரர்தான் அது.

பிராங்க்ஸ்வாசி:
ரிஸ்ஸோவோட எரர். விவரமா சொல்றேன், பொறுமையா படிங்க.

பிட்சர் நிக்கிற ரப்பர் பலகைல இருந்து ஃபர்ஸ்ட் பேஸ் கிட்டத்தட்ட 64 அடி. ரைட் ஹேண்ட் பேட்டர் அடிச்சுட்டு 90 அடி ஓடி வர சராசரியா 4.3 நொடி. கோல் வலது கை பிட்சர், பந்தை விட்டதும் உடம்பு ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம்தான் சாயும். அதனால உடனே கிளம்பினா நேரம் போதும், அதை மறுக்கல. ஆனா அந்தப் பந்து எப்படி வந்துச்சு? பேட் நுனியில பட்டதால பக்கவாட்டுச் சுழற்சி, வேகம் இல்ல. அப்படிப்பட்ட பந்து பிட்சருக்கும் ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கும் நடுவுல செத்து நிக்கும். நின்னா யார் எடுக்கணும்? பிட்சர்தான். அதனாலதான் கோலோட முதல் அடிகள் பந்தைப் பாத்துப் போச்சு. பந்து அவரைத் தாண்டி உருண்டதுக்கு அப்புறம் பேஸ் பக்கம் திரும்புற கோணம் கெட்டுப் போச்சு.

ரிஸ்ஸோ எங்க நின்னார்? ரெண்டு அவுட், பேஸ் லோடட், ரன்னரைப் பிடிச்சு வெக்க வேண்டிய தேவை இல்ல. அதனால ஆழமா நின்னார். அது சரி. பந்து மெதுவா வருதுன்னு தெரிஞ்சதும் ஏறி வரணுமா இல்லையா? அவர் காத்திருந்து எடுத்தார். செப்டம்பர் கடைசில பந்து பட்டு வலது கையில ரெண்டு விரல் உடைஞ்சது. அவர் இடது கையால எறியுறவர், அதனால கிளவுஸ் போடுறது அந்த உடைஞ்ச கையில. நான் அவரைக் குறை சொல்லல. ஆனா பந்தை எடுத்தவர் அவர்.

ரைட்ஃபீல்ட்ராமு:
குறை சொல்லலயாம், ஆனா எரர் மட்டும் அவருதாம்!

சுழற்சி உள்ள பந்துக்கு ஏறி வந்தா என்ன ஆகும்? கடைசி துள்ளல்ல கோட்டுப் பக்கம் விலகி கிளவுஸைத் தாண்டும். தாண்டினா ரைட் ஃபீல்டு மூலை, ரெண்டு ரன். அதனால எந்த ஃபர்ஸ்ட் பேஸ்மேனும் காத்திருந்து உடம்பை வெச்சு மறிச்சுதான் எடுப்பார். பிட்சர் வருவார்ங்கிற நம்பிக்கையிலதான் அப்படி ஆடுறதே. பிட்சர் ஓடணும். அவ்வளவுதான்.

வடக்குப்பறவை:
ரெண்டு பேரும் அடிக்கணக்கு, நொடிக்கணக்கு எல்லாம் கதைக்கிறியள். முதலாம் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பத்தாவது இன்னிங்ஸ், 3-2 யாங்கீஸ் முன்னுக்கு, ரெண்டு பேர் பேஸில. டிம் ஹில், மாற்றுப் பிட்சர்கள் தயாராகிற புல்பென்னில சூடாகி நிக்கிறார். யாங்கீஸ் மேனேஜர் பூன் கூப்பிட்டது கோர்ட்டெஸை. கைக் காயத்தால செப்டம்பர் 18-க்குப் பிறகு ஒரு ஆட்டத்திலயும் எறியாத மனுசன். ஓட்டானிக்கு ஒரு பந்து, பிடி. பெட்ஸுக்குச் சும்மா வோக், அடிக்காமலே முதலாம் பேஸ். ஃப்ரீமனுக்கு ஒரு பந்து, கிராண்ட் ஸ்லாம், ஒரே அடியில நாலு ரன். ஆக மொத்தம் ரெண்டு பந்து.

அதுக்கு முந்தி எட்டாவதில சோட்டோ எறிஞ்சதை டோரஸ் விட்டு, ஓட்டானி மூண்டாம் பேஸுக்குப் போய், பெட்ஸ் சாக் ஃப்ளையில (தான் பிடிபட்டு அவுட்டானாலும் ரன்னரை ஓடி வர வைக்கிற உயர அடி) 2-2 ஆக்கினதையும் மறந்திட்டியளோ? தொடர் அங்கதான் போனது. ஐந்தாவது ஆட்டத்தை வெண்டிருந்தாலும் 3-2 தான். பிறகு லாஸ் ஏஞ்சலஸில ரெண்டு வெல்ல வேணும். 0-3 இலிருந்து ஏழு ஆட்டத் தொடரைத் திருப்பின அணி ஒண்டே ஒண்டுதான், 2004 ரெட் சொக்ஸ். ஆருக்கு எதிரா எண்டு அண்ணைமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிராங்க்ஸ்வாசி:
உங்க ப்ளூ ஜேஸ் அணிக்கு 74 வெற்றி, 88 தோல்வி, டிவிஷன்ல கடைசி இடம். டொரொன்டோவுல இருந்து எங்களுக்குப் பாடமா?

வடக்குப்பறவை:
ஓம், கடைசிதான். அதுக்கும் கோர்ட்டெஸின்ர ரெண்டு பந்துக்கும் என்ன சம்பந்தம்?

நீலச்சட்டை:
2004-ஐ எதுக்கு இழுக்கறீங்க, பாவம். புண்ணு இன்னும் ஆறல.

ரைட்ஃபீல்ட்ராமு:
கோர்ட்டெஸ் விஷயத்துல மேனேஜரைத் திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டுறேன். ஆனா கோல் ஓடல. அதுக்கு இன்னும் பதில் வரல.

பிராங்க்ஸ்வாசி:
பதில் சொல்லியாச்சு. அன்னிக்கு கோல் 6.2 இன்னிங்ஸ் (ஆறு இன்னிங்ஸ், மேல ரெண்டு அவுட்), 108 பந்து, எர்ன்ட் ரன் பூஜ்யம். இந்த ஆளைத்தான் டிரேட் பண்ணணுமாம். இப்ப கோபத்தை விட்டு அடுத்த வருஷ அணியைப் பாருங்க.

நம்ம ரைட் ஃபீல்டர் சோட்டோ போனார். நியூயார்க்கோட இன்னொரு அணியான மெட்ஸ் குடுத்தது 15 வருஷம், 76.5 கோடி டாலர், சம்பளத்துல ஒரு சென்ட்கூட பின்னால தர்றோம்னு தள்ளிப் போடாம. வருஷத்துக்கு 5.1 கோடி. அந்த ஒருத்தருக்குப் பதிலா என்ன கிடைச்சது? பிட்சர் மேக்ஸ் ஃப்ரீட் 8 வருஷம் 21.8 கோடி, அதாவது வருஷத்துக்கு 2.725 கோடி. பெல்லிஞ்சர், அவர் சம்பளத்துல கொஞ்சம் அவரோட பழைய அணி கப்ஸே கட்டுறாங்க. கோல்ட்ஸ்மிட் ஒரு வருஷம் 1.25 கோடி. கடைசி இன்னிங்ஸுக்கு டெவின் வில்லியம்ஸ். பெல்லிஞ்சர் சென்டர் ஃபீல்டுக்கு வந்தா ஜட்ஜ் தன்னோட பழைய ரைட் ஃபீல்டுக்குத் திரும்பலாம். சிஸம் செகண்ட் பேஸுக்குப் போகலாம், ஜூலை வரைக்கும் தேர்ட் பேஸே ஆடாதவரை அங்க நிறுத்தினதுதான் கொடுமை. அக்டோபர்ல நம்மைக் கவுத்தது பேட்டிங் இல்ல, பந்தைப் பிடிக்காதது. அதை மொத்தமா மாத்தியிருக்காங்க.

கோல்ட்ஸ்மிட்டுக்கு ஃபர்ஸ்ட் பேஸ்ல 4 கோல்ட் கிளவ், சிறந்த ஃபீல்டர் விருது. பெட்ஸ் அடிச்ச அந்தப் பந்துக்கு அவர் ஏறி வந்திருப்பார்.

ரைட்ஃபீல்ட்ராமு:
ஃப்ரீட்டுக்கு பிட்சர் இடத்துலயே 3 கோல்ட் கிளவ் இருக்குண்ணே. அவருக்கு ஃபர்ஸ்ட் பேஸ் எங்க இருக்குன்னு தெரியும். உங்க வாயாலயே வந்துடுச்சு, பிரச்சினை பிட்சர் ஃபீல்டிங்னு.

அப்புறம் சோட்டோ. 41 ஹோம் ரன், பேட்டிங் சராசரி .288. ஜட்ஜுக்கு முன்னாடி அவர் பேஸ்ல நின்னதாலதான் ஜட்ஜுக்கு எறிய பந்து கிடைச்சுது, 58 ஹோம் ரன் வந்துச்சு. இனி ரெண்டாவது யார் ஆடுவா? 37 வயசாச்சு, இந்த சீசன்ல .245 அடிச்ச கோல்ட்ஸ்மிட்டா? பிளேஆஃப்ல ஜட்ஜ் .184. சோட்டோவும் இல்லாம அடுத்த அக்டோபர்ல அவரை நாலு பந்துல நடக்க விட்டுட்டுப் போயிடுவாங்க. தேர்ட் பேஸுக்கு ஆளே இல்ல, அதைப் பத்தி யாராவது பேசுனீங்களா?

பிராங்க்ஸ்வாசி:
ஃப்ரீட் இடது கை பிட்சர். பந்தை விட்டதும் தேர்ட் பேஸ் பக்கம் சாய்வார், ஃபர்ஸ்ட் பேஸுக்கு அவருக்கு இன்னும் தூரம். உதாரணம் சொல்றதுக்கு முன்னாடி யோசிங்க.

ரைட்ஃபீல்ட்ராமு:
அவ்வளவு தூரத்துல இருந்தும் ஓடித்தானே 3 கோல்ட் கிளவ் வாங்கினார்! பக்கத்துல இருந்தவர் ஏன் ஓடல?

நீலச்சட்டை:
டெவின் வில்லியம்ஸ்னா, பிளேஆஃப் முதல் சுற்றான வைல்ட் கார்டு மூணாவது ஆட்டத்துல ஒன்பதாவது இன்னிங்ஸ்ல மெட்ஸ் அலோன்சோவுக்கு மூணு ரன் ஹோமர் குடுத்தவர்தானே? அவருக்காக மில்வாக்கிக்கு அனுப்புனது யாரை? ஃப்ரீமனுக்கு கிராண்ட் ஸ்லாம் குடுத்த கோர்ட்டெஸையும் கூட டர்பினையும். நல்ல பண்டமாற்று.

வடக்குப்பறவை:
நீலச்சட்டை அண்ணைக்கு ஒரு கேள்வி. 70 கோடியில 68 கோடியைத் தள்ளிப்போட்டு ஓட்டானிக்கு இப்ப வருசம் 20 லட்சம் டொலர் குடுக்கிறியள். இப்பிடி ஆடினா ஆரும் வெல்லலாம்.

நீலச்சட்டை:
விதி எல்லா அணிக்கும் ஒண்ணுதான் தம்பி. கையில 20 லட்சம்னாலும் ஆடம்பர வரிக் கணக்குல (மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டின அணி கட்டுற வரி) அவர் பேர்ல வருஷத்துக்கு சுமார் 4.6 கோடி ஏறுது. சும்மா ஏமாத்துறோம்னு சொல்லாதீங்க. அது போக, உலகத் தொடர்ல ஓட்டானி 19-க்கு 2. தோள்பட்டை இறங்கின கையோட ஆடினார். எங்களை ஜெயிக்க வெச்சது கணுக்கால் சுளுக்கோட 12 ரன் கொண்டுவந்த ஃப்ரீமன்.

வடக்குப்பறவை:
4.6 கோடி ஏறுது, சரி. 7 கோடி ஏற வேண்டிய இடத்தில 4.6 ஏறுது. மிச்சம் 2.4 கோடிக்கு வேற ஆளை வாங்கலாம். இதைத்தானே நானும் சொன்னனான்.

நீலச்சட்டை:
2034-ல இருந்து பத்து வருஷத்துக்கு வருஷம் 6.8 கோடி எடுத்துக் குடுக்கப் போறது யாரு, நீங்களா?

பிராங்க்ஸ்வாசி:
வரி பேச்சு வந்ததால சொல்றேன். யாங்கீஸ் தொடர்ந்து வரி கட்டுற அணி. 2025-க்கு மொத்தச் சம்பளம் 24.1 கோடி டாலரைத் தாண்டினாலே, தாண்டினதுக்கு 50 சதவீதம். 30.1 கோடியைத் தாண்டினா அந்த மிச்சத்துக்கு 110 சதவீதம், அதாவது ஒரு டாலர் சம்பளத்துக்கு ஒரு டாலர் பத்து சென்ட் வரி. சோட்டோவோட 5.1 கோடி அந்த உச்சியில போய் உக்காந்தா வரியோட 10 கோடிக்கு மேல. சோட்டோ சோட்டோன்னு புலம்புறவங்க இதைப் போட்டுப் பாத்தீங்களா?

இன்னொண்ணு. அந்த ஆட்டம் போனது அஞ்சாவது இன்னிங்ஸ்ல இல்ல. ஆறாவதுல ஸ்டான்டன் சாக் ஃப்ளையால மறுபடி 6-5 நாமதான் முன்னால. எட்டாவதுல நம்ம பிட்சர் கேன்லி வந்தார், வேகம் குறைச்சுப் போடுற சேஞ்சப்பைத் தவிர வேற பந்தே போட மாட்டார். கீகே சிங்கிள், எட்மன் இன்ஃபீல்டு சிங்கிள், ஸ்மித்துக்கு வாக். வீவர் வந்தபோது பேஸ் லோடட், அவுட் இல்ல. லக்ஸ் சாக் ஃப்ளை, 6-6. ஓட்டானி வீசின பேட் நம்ம கேட்சர் வெல்ஸ் கிளவுஸ்ல பட்டு சும்மா ஒரு பேஸ். பெட்ஸ் சாக் ஃப்ளை, 7-6. இதுல கோல் எங்க இருந்தார்? டக்அவுட்ல.

ஸ்கோர்புக்:
கேட்சர் குறுக்கீடு விதிப்படி பிழை. ஜட்ஜ், வோல்பி, வெல்ஸ், ஆட்டத்தில் மொத்தம் மூன்று பிழைகள். கோலும் ரிஸ்ஸோவும் அந்தப் பட்டியலில் இல்லை என்று மறுபடியும் நினைவூட்டுகிறேன்.

ரைட்ஃபீல்ட்ராமு:
சார், உங்க பட்டியலை வெச்சு ஒரு அவுட் வாங்க முடியுமா?

அண்ணே, அஞ்சாவதுல அந்த ஒரு அவுட் விழுந்திருந்தா 5-0. 5-0ல எட்டாவதுக்கு கேன்லி எதுக்கு வர்றார்? கோல் அந்த இன்னிங்ஸ்லயே ஆறு பேட்டரோட முடிச்சிருப்பார், இன்னும் ஆழமா போயிருப்பார். உங்க எட்டாவதே என்னோட அஞ்சாவதுல இருந்துதான் வருது.

பிராங்க்ஸ்வாசி:
ஜட்ஜ் பிடிச்சிருந்தா அந்த அஞ்சாவதே வந்திருக்காது. வோல்பி ஒழுங்கா எறிஞ்சிருந்தாலும் வந்திருக்காது. ரிஸ்ஸோ ஏறி வந்திருந்தாலும் வந்திருக்காது. மூணு பேரைத் தாண்டி நாலாவதா நிக்கிறவரைப் பிடிச்சுக் கேக்கறீங்க.

ரைட்ஃபீல்ட்ராமு:
நாலாவதா நிக்கிறார்னா பரவால்லியே. நின்னதுதான் பிரச்சினை.

வடக்குப்பறவை:
கோர்ட்டெஸைப் பற்றி இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

பிராங்க்ஸ்வாசி:
கோர்ட்டெஸ் இப்ப மில்வாக்கில இருக்கார், அங்க போய்க் கேளுங்க. ராமு, டிரில் டிரில்னு சொல்றீங்களே, அந்த டிரில்ல பயிற்சியாளர் தரையில சுழலாத பந்தைத்தான் அடிச்சுக் குடுப்பார். பேட் நுனியில பட்ட பந்தை எந்த டிரில்ல பாத்தீங்க?

ரைட்ஃபீல்ட்ராமு:
சுழலுதா, உருளுதா, பறக்குதான்னு பிட்சர் நின்னு ஆராய்ச்சி பண்ண வேண்டாம்னு சொல்லித் தர்றதுக்குத்தான் அண்ணே அந்த டிரில்லே.