புரோட்டீன் டப்பா வாங்கலாமா: மலையில் வசிக்கும் எங்கள் அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து:

46 வயதில் முதன்முறையாக ஜிம்மில் சேர்ந்தேன். மூன்றாம் நாளே பயிற்றுநர் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார்: வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்), மாஸ் கெய்னர் (எடை கூட்டும் பவுடர்), பி.சி.ஏ.ஏ., கிரியேட்டின், பயிற்சிக்கு முன் குடிக்க ஒரு பவுடர். எல்லாவற்றையும் தாமே வரவழைத்துத் தருவதாகவும் சொன்னார். கூட்டிப் பார்த்தால் எங்கள் வீட்டின் ஒரு மாத மளிகைச் செலவையும் தாண்டியது. கணக்குப் பாடம் நடத்துகிறவன் என்பதால், வாங்குவதற்கு முன் என் தட்டில் உண்மையில் என்ன குறைகிறது என்று பார்த்துவிட நினைத்தேன்.

வளர்ந்த ஒருவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. என் எடை 64 கிலோ. ஆகவே 53 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை தேவை என விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்வதால், குறைந்த அளவைக் கொண்டாலும் 90 கிராம் ஆகிறது. காலையில் இட்லி, மதியம் சோறும் சாம்பாரும், மாலையில் டீயும் வர்க்கியும், இரவில் சப்பாத்தி என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிவந்ததில், எனக்குக் கிடைப்பது சுமார் 45 கிராம்தான் என்று தெரிந்தது. குறை இருக்கிறது என்று பயிற்றுநர் சொன்னது சரிதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் அந்தக் குறையை 50 கிராம் சோயா உருண்டை (26 கிராம் புரதம்), இரண்டு முட்டை (12), ஒரு தம்ளர் பால் (6 அல்லது 7) ஆகியவற்றால் அடைத்துவிட்டேன். பட்டியலில் இருந்த மற்றவற்றையும் விசாரித்தேன். மாஸ் கெய்னர் டப்பாவில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாவுச்சத்துதான். பி.சி.ஏ.ஏ. என்பது வே புரோட்டீனிலேயே அடங்கியுள்ள மூன்று அமினோ அமிலங்கள். வேயோடு அதையும் வாங்குவது, அரிசி மூட்டை வாங்கியவன் நொய்யைத் தனியாக விலை கொடுத்து வாங்குவதைப் போன்றது. தசை வளர்ப்பதற்காகப் புரதப் பவுடர்களை எடுத்துக்கொள்வதைத் தவிர்க்குமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் சொல்கிறது. எனக்கு அந்த அறிவுரையைவிட என் நோட்டுக் கணக்கே அதிகம் உதவியது.

குன்னூரிலிருந்து:

கோத்தகிரிக் கணக்கு ஆசிரியர் வாங்காமல் விட்ட கிரியேட்டினை நான் எடுத்துக்கொள்கிறேன் என்பதால் எழுதுகிறேன். தசைக்கு ஆற்றல் தர உதவும் அது, அதிகம் ஆராயப்பட்ட துணைப்பொருள்களில் ஒன்று. நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் போதும். இறைச்சியிலும் மீனிலும் இயல்பாக இருப்பதால், என்னைப் போன்ற சைவ உணவுக்காரர்களின் தசையில் அதன் இருப்பு குறைவாகவே இருக்கும். தொடங்கிய சில வாரங்களில் எடை ஒரு கிலோ கூடியது. அது தசையில் சேரும் நீர் என்று பிறகு அறிந்தேன்.

மூன்றாம் மாதம் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்; கூடினால் சிறுநீரகத்தைச் சந்தேகிப்பார்கள்) 1.42 என்று வந்து, அறிக்கையில் அந்த எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. சிறுநீரகம் போய்விட்டது என்றே அன்றிரவு முழுக்க நினைத்தேன். என் மனைவி டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டார். மறுநாள் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "ஜிம்முக்குப் போகிறீர்களா, ஏதாவது பவுடர் சாப்பிடுகிறீர்களா?" என்பதுதான். கிரியேட்டின் உடலில் கிரியேட்டினினாகவே கழிவதால், சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதும் அந்த எண் சற்று உயரலாம் என்று விளக்கி, தசையின் அளவைப் பெரிதும் சாராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையை எழுதிக்கொடுத்தார். அது இயல்பாக இருந்தது. நான்கு வாரம் நிறுத்திய பிறகு கிரியேட்டினினும் 1.08க்கு இறங்கியது. இப்போது 3 கிராமோடு மீண்டும் தொடர்கிறேன். இந்தக் குளிரில் தாகமே தெரியாததால் தண்ணீரை மட்டும் அளந்து குடிக்கிறேன். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

கொடைக்கானலிலிருந்து:

வே என்றால் ஏதோ ஊசி மருந்து என்று என் அம்மா பயந்தார். சீஸ் தயாரிக்கும் இடத்தில் சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால், பால் திரிந்த பின் வடியும் அந்த மஞ்சள் நீர்தான் அது என்று அவருக்கு விளக்க முடிந்தது. பத்து லிட்டர் பாலில் ஏறக்குறைய ஒரு கிலோ சீஸ் கிடைக்கும். மீதி ஒன்பது லிட்டரும் அந்த நீர்தான். அதில் புரதம் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. ஆகவே 24 கிராம் புரதம் உள்ள ஒரு ஸ்கூப்புக்கு (டப்பாவோடு வரும் அளவுக் கரண்டிக்கு) மூன்று லிட்டருக்கு மேல் அந்த நீரை வடிகட்டி உலர்த்த வேண்டும். விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதும், கலப்படம் செய்ய ஏன் ஆசை வருகிறது என்பதும் எனக்கு அதிலிருந்தே புரிந்தன. சோதனைக்கூடங்களில் பொதுவாக நைட்ரஜனை அளந்தே புரதத்தைக் கணக்கிடுவதால், நைட்ரஜன் உள்ள கிளைசின் போன்ற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தால் புரத எண் உயர்ந்துவிடும். நான் டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க உரிம எண்ணைப் பார்த்த கையோடு, சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின் இருக்கின்றனவா என்றும் பார்ப்பேன்.

என் மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டே கைப்பந்து ஆடுகிறாள். அங்கே கிடைக்கும் சாப்பாட்டில் புரதம் போதாது என்பதால் நாளுக்கு ஒரு ஸ்கூப் வாங்கித் தருகிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் பட்டர் பீன்ஸ் குழம்பும் முட்டையும் இருப்பதால், டப்பாவை அவள் விடுதியிலேயே விட்டுவிட்டு வருகிறாள்.