புற்றுநோயாளிக்குக் காலில் இரத்த உறைவு: ஊசியா மாத்திரையா, எவ்வளவு காலம்?

வெண்முகில் (கேள்வி):
என் தந்தைக்குக் கணையத்தில் புற்றுநோய் உறுதியாகி, கீமோதெரபி நடந்துவருகிறது. சென்ற வாரம் இடது கால் மட்டும் கெண்டைச்சதையிலிருந்து தொடைவரை வீங்கிக் கனத்தது; டாப்ளர் ஸ்கேனில் தொடையின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. இப்போது இரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்சபரின் ஊசியை நாளுக்கு இருமுறை வயிற்றில் போடுகிறோம். அவர் படுத்த படுக்கையாகக் கிடப்பவர் அல்லர். காலையும் மாலையும் நடப்பவர். அப்படியிருக்க இது ஏன் வந்தது? ஊசிக்குப் பதிலாக மாத்திரை தர இயலுமா? கீமோவால் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையும்போது இந்த மருந்தால் இரத்தக்கசிவு ஏற்படாதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குருதியியலார்:
நடப்பவருக்கு உறையாது என்பது பாதி உண்மைதான். இரத்த ஓட்டம் தேங்குவது, நாளத்தின் உட்சுவர் சிதைவது, இரத்தமே எளிதில் உறையும் தன்மை பெறுவது என உறைவுக்கு மூன்று காரணங்கள் உண்டு. 1856-இல் ஜெர்மானிய மருத்துவர் விர்ஹோ எழுதியவற்றிலிருந்து பின்னாளில் தொகுக்கப்பட்ட இந்தப் பகுப்பு இன்றும் பயன்படுகிறது. உங்கள் தந்தையிடம் முதல் காரணம் குறைவாக இருக்கலாம், மூன்றாவது மிகுதி. காயம் பட்டால் மட்டுமே இரத்தத்தோடு கலக்கவேண்டிய 'திசுக் காரணி' என்ற புரதத்தைப் பல புற்றணுக்கள் தங்கள் மேற்பரப்பிலேயே ஏந்தி நிற்கின்றன. அவற்றிலிருந்து உதிரும் நுண்துகள்களும் அதைச் சுமந்துகொண்டு இரத்தத்தில் சுற்றுவதால், எங்கும் காயமே இல்லாதபோதும் உறைதல் தொடர்வினை தூண்டப்படுகிறது. கட்டி ஏற்படுத்தும் அழற்சி தட்டணுக்களையும் வெள்ளணுக்களையும் கிளறிவிடுகிறது. கீமோ மருந்துகள் நாளச் சுவரைப் புண்படுத்துகின்றன. மருந்தேற்ற வைக்கும் மையச் சிரைக் குழாயும் தன் பங்கைச் செய்கிறது. உறைவு ஆபத்து மிக அதிகமுள்ள புற்றுநோய்களில் கணையப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. இரைப்பை, மூளை, நுரையீரல், சூலகப் புற்றுநோய்களும் அவ்வாறே.

இந்தத் தொடர்பை 1865-இல் பாரிஸில் விரித்துரைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் அர்மான் துரூசோ. இரண்டே ஆண்டுகளில் தம் உடலிலேயே உறைவோடு கூடிய சிரை அழற்சியைக் கண்டு, தம் நோய் இன்னதென்று உணர்ந்துகொண்டார். 1867-இல் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார்.

ஆகவே மருந்தின் கால அளவும் கட்டியைப் பொறுத்தது. பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம். அதன் பிறகும் புற்றுநோய் அடங்காமலோ சிகிச்சை தொடர்ந்துகொண்டோ இருந்தால் மருந்தையும் தொடர்வதே வழக்கம். கால் வீக்கம் வற்றிவிட்டது என்பதற்காக யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

மருந்தாளுநர்:
ஊசியா மாத்திரையா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பழைய மாத்திரையான வார்ஃபரின் இவர்களுக்கு ஏற்றதன்று. சாப்பாடு குறைந்தாலும், வாந்தி எடுத்தாலும், வேறு மருந்து சேர்ந்தாலும் அதன் வீரியம் ஏறி இறங்கும். 2003-இல் வெளியான 'கிளாட்' ஆய்வில், ஆறு மாதத்துக்குள் மீண்டும் உறைவு வந்தவர்கள் வார்ஃபரின் குழுவில் சுமார் 17 சதவீதம், எனாக்சபரின் வகையைச் சேர்ந்த டால்டெபரின் ஊசி போட்டவர்களில் 9 சதவீதம். அதன்பின் நெடுங்காலம் ஊசியே முதல் தேர்வாக இருந்தது. 2018 முதல் எடாக்சபான், ரிவராக்சபான், அபிக்சபான் ஆகிய மாத்திரைகளும் ஊசிக்கு ஈடானவை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் இரைப்பை, குடல் போன்ற இடங்களில் கட்டி உள்ளவர்களுக்கு முதலிரண்டும் இரத்தக்கசிவைக் கூட்டின. உங்கள் தந்தையின் கட்டி சிறுகுடலைத் தொட்டிருக்கிறதா, அவருக்கு வாந்தி இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். வாந்தி எடுப்பவருக்கு மாத்திரை எவ்வளவு உட்கிரகிக்கப்பட்டது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஊசியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எனாக்சபரின் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகத்தின் செயல்திறன் மிகக் குன்றினால் அளவைக் குறைக்கவேண்டி வரும்.

தட்டணுக்களைப் பொறுத்தவரை, ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 50,000-க்கு மேல் இருக்கும்வரை பெரும்பாலும் முழு அளவே தரப்படுகிறது. அதற்குக் கீழே அளவைக் குறைப்பார்கள். 25,000-க்குக் கீழே பொதுவாக நிறுத்திவைப்பார்கள். உறைவு ஏற்பட்ட முதல் மாதத்தில் நிறுத்துவது ஆபத்தென்பதால், சிலருக்குத் தட்டணு ஏற்றிக்கொண்டே மருந்தைத் தொடர்வதும் உண்டு.

துணையிருப்பவள்:
என் தாயாருக்கு நான்தான் இந்த ஊசியைப் போட்டுவந்தேன் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். முழு ஊசியையும் செலுத்துவதாக இருந்தால், அதனுள் இருக்கும் சிறு காற்றுக்குமிழியை வெளியேற்ற வேண்டியதில்லை. தொப்புளிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி, தோலை மடிப்பாகப் பிடித்துச் செங்குத்தாகக் குத்தி, ஊசியை எடுக்கும்வரை மடிப்பை விடாதீர்கள். போட்ட இடத்தைத் தேய்த்தால் நீலம் பாரித்துவிடும். ஒரு வேளை இடப்பக்கம், மறுவேளை வலப்பக்கம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். வீங்கிய காலை யாரும் எண்ணெய் போட்டு நீவிவிட இடம் கொடுக்காதீர்கள். உறவினர்களைத் தடுப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

வெண்முகில்:
அனைவருக்கும் நன்றி. இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது: ஆபத்து இவ்வளவு தெரிந்ததென்றால், கீமோ தொடங்கும்போதே தடுப்பு மருந்து தந்திருக்கலாமே?

குருதியியலார்:
நியாயமான கேள்வி. 2008-இல் வந்த, கொரானா (Khorana) என்ற மருத்துவரின் பெயர் கொண்ட மதிப்பெண் முறை இதற்காகவே உள்ளது: கட்டி இருக்கும் உறுப்பு, தட்டணு, ஹீமோகுளோபின், வெள்ளணு எண்ணிக்கை, உடல் பருமன் ஆகியவற்றைக் கொண்டு கீமோவுக்கு முன்பே கணக்கிடுவது. கணையம் என்றாலே இரண்டு மதிப்பெண். இரண்டும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு அபிக்சபான் அல்லது ரிவராக்சபான் கொடுத்துப் பார்த்த இரு ஆய்வுகள் 2019-இல் வெளியாயின. அபிக்சபான் உறைவைக் குறைத்தது, ஆனால் பெரிய இரத்தக்கசிவைக் கூட்டியது. ரிவராக்சபான் ஆய்வில் மருந்து உட்கொண்ட காலத்தில் மட்டுமே பயன் தெளிவாகத் தெரிந்தது. எனவே எல்லோருக்கும் தருவதில்லை. கசிவு ஆபத்தை எடைபோட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவெடுக்கிறார்கள். இப்போது அவர் முழு அளவு சிகிச்சையில் இருப்பதால் தனித் தடுப்பு தேவையில்லை. ஆனால் திடீரென மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, மலம் கருத்துப் போனாலோ அடுத்த கீமோ நாள்வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.