தடைக்காலம் முடிந்து இறக்கிய படகில் கரும்புகை, சுற்று 1600-ஐத் தாண்டவில்லை

அக்கரைப்பேட்டை தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. 6 சிலிண்டர் டர்போ எஞ்சின், 190 குதிரைத்திறன், முழு சுற்று நிமிடத்துக்கு 1800, கியர் 4-க்கு 1 (எஞ்சின் நான்கு சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஒரு சுற்று). ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதுமே கரையேற்றி லைனர், பிஸ்டன் ரிங், ஹெட் கேஸ்கட் எல்லாம் மாற்றி, டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் புதிதாகப் போட்டு, கையில் இருந்த பணம் முழுவதையும் இதிலேயே இறைத்துவிட்டோம். ஜூன் 14 முடிந்ததும் முதல் ஆளாகக் கடலுக்குப் போனோம், ஆனால் ஆக்சிலேட்டரை முழுதாகத் தள்ளினாலும் 1600-க்கு மேல் ஏறவே இல்லை. வலை இழுக்கும்போது 1450-க்கு இறங்கிவிடுகிறது, பின்னால் பார்த்தால் செங்கல் சூளை மாதிரி கரும்புகை, டெம்பரேச்சர் 95-ஐத் தொடுகிறது. நியூட்ரலில் மட்டும் 1900 வரை தாராளமாகப் போகிறது. டீசலும் வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கிறது.

எஞ்சினுக்கு டீசலை அளந்து கொடுக்கும் பம்பைச் சரிசெய்யும் கடையில் கேட்டால் "டீசல் பத்தவில்லை, கொஞ்சம் கூட்டி வைத்தால் ஏறிவிடும்" என்கிறார்கள். அப்பாவும் சரி என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. நாளை மறுநாள் திரும்பவும் கடலுக்குப் போக வேண்டும். என்ன செய்யலாம்?

தூத்துக்குடி டீசல் மெக்கானிக்:

தம்பி, தயவுசெய்து பம்பில் கை வைக்க விடாதீர்கள். கரும்புகை என்றால் உள்ளே போன டீசலை எரிக்கக் காற்று போதவில்லை, எரியாத கரி வெளியே வருகிறது என்று அர்த்தம். ஏற்கெனவே எரிக்க முடியாமல் திணறுகிற எஞ்சினுக்கு இன்னும் டீசலைக் கொடுத்தால் ஒரு 50 சுற்று கூடலாம், ஆனால் எக்ஸாஸ்ட் சூடு தாறுமாறாக ஏறி வால்வு கருகும், பிஸ்டன் தலை உருகும். இப்போது போட்ட லைனர், ரிங் செலவெல்லாம் மண்ணாகப் போய்விடும். இப்படிப் போன எஞ்சின்களை நான் என் கையால் பிரித்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நியூட்ரலில் 1900 போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சரி. லோடு ஏறும்போதுதான் படுக்கிறது. லோடு அதிகமா, அல்லது காற்று குறைவா என்று முதலில் பிரிக்க வேண்டும். எஞ்சின் ரூம் மூடியைத் திறந்து வைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, வலை போடாமல் ஐந்து நிமிஷம் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டிப் பாருங்கள், பக்கத்தில் துணி, கயிறு எதுவும் இருக்கக் கூடாது. காற்றை எஞ்சினுக்குள் அழுத்தும் டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் கிளிப்பையும் கையால் அசைத்துப் பாருங்கள். அங்கே காற்று கசிந்தாலும் இதே புகைதான் வரும். அப்புறம் ஒரு கேள்வி: கரையில் இருந்தபோது எஞ்சினைத் தவிர வேறு எதை மாற்றினீர்கள்?

நாமக்கல் லாரிக்காரர்:

நான் படகு ஓட்டியதில்லை, 22 வருஷமாக லாரி. ஆனால் நீங்கள் சொல்வது எனக்கு நன்றாகப் பழகிய விஷயம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. அதில் லோடு வண்டியை டாப் கியரில் ஏற்றினால் இதேதான் நடக்கும், சுற்று விழும், கறுப்பாகக் கக்கும், சூடு ஏறும். நாங்கள் கியரைக் குறைத்துக்கொள்வோம், எஞ்சின் மூச்சு விடும். படகில் முன்னால் போக ஒரே கியர்தானே? புரொப்பல்லர் என்ன கொடுக்கிறதோ அதுதான் கியர். நீங்கள் மலையில் டாப் கியரில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்கரைப்பேட்டை தம்பி:

அண்ணே, மெக்கானிக் அண்ணன் சொன்னபடி இன்று சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். மூடி திறந்து, ஃபில்டர் இல்லாமல் 1610. அவ்வளவுதான், காற்றைத் திறந்துவிட்டும் ஏறவில்லை. ஹோஸ் எல்லாம் இறுக்கமாக இருக்கிறது.

கேட்ட கேள்விக்குப் பதில், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். புரொப்பல்லரை மாற்றினோம். பழையது கயிறு சுற்றி ஓர் இதழ் வளைந்துவிட்டது. பழைய சாமான் கடையில் ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தது. அதே நான்கு இதழ், அதே பிட்ச் (இதழின் சாய்வால் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்). விட்டம் மட்டும் பழையது 46 அங்குலம், இது 48. இரண்டு அங்குலம்தானே, இழுவை கூடுதலாகக் கிடைக்கும் என்று கடைக்காரரும் சொன்னார், நாங்களும் நம்பினோம். இரண்டு அங்குலம் இவ்வளவு செய்யுமா?

தூத்துக்குடி டீசல் மெக்கானிக்:

செய்யும் தம்பி. புரொப்பல்லர் எஞ்சின் மேல் வைக்கும் சுமை விட்டத்தோடு நேர்க்கணக்கில் ஏறாது, விட்டத்தின் ஐந்தாம் மடியாக ஏறும். 48-ஐ 46-ஆல் வகுத்து அதை ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், 1.24 வரும். அதாவது அதே சுற்றில் முன்பு எடுத்ததைவிட ஏறக்குறைய 24 சதவீதம் அதிகச் சக்தி வேண்டும். உங்கள் எஞ்சினிடம் அது இல்லை, அதனால் அது தாங்குகிற இடத்துக்கு, 1600-க்கு இறங்கி நின்றுவிட்டது. கணக்கும் உங்கள் மீட்டரும் ஒன்றாகத்தான் சொல்கின்றன. உங்கள் எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை.

வலை இழுக்கும்போது இன்னும் மோசமாவதற்கும் காரணம் இருக்கிறது. படகு மெதுவாக நகர்வதால் புரொப்பல்லருக்கு ஓடி வரும் தண்ணீர் குறைவு, ஒவ்வோர் இதழும் தண்ணீரை அதிகமாகக் கடிக்கிறது. அதனால்தான் வெறும் ஓட்டத்திலேயே முழு சுற்றைத் தொடாத படகு வலை போட்டால் கண்டிப்பாகப் படுத்துவிடும். முழு ஆக்சிலேட்டரில் வலை இல்லாமல் 1800 வருகிறதா, இது ஒன்றைத்தான் நான் எந்தப் படகில் ஏறினாலும் முதலில் பார்ப்பேன். புது புரொப்பல்லர் போட்ட அன்றே இதைப் பார்க்காமல் யாரும் கடலுக்குப் போகக் கூடாது.

புதிதாக வாங்க வேண்டாம். நல்ல லேத் பட்டறையில் 46-க்கு விட்டம் குறைத்து, இதழ் ஓரத்தைச் சீவி, பாலன்ஸ் பார்த்துத் தரச் சொல்லுங்கள். பாலன்ஸ் பார்க்காமல் போட்டால் ஷாஃப்ட் அதிர்ந்து கியர்பாக்ஸ் பேரிங் போகும். அதுவரை கடலுக்குப் போய்த்தான் ஆக வேண்டுமென்றால் புகை தெரியாத அளவுக்கு ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டுங்கள், 1400-க்குக் கீழே.

மண்டபம் படகுக்காரி:

புரொப்பல்லர் பற்றி அண்ணன் சொன்னது சரி, ஆனால் 95 டிகிரியை அதோடு மட்டும் விட்டுவிடாதீர்கள். சுமை கூடினால் சூடு கூடும்தான், எங்கள் படகிலும் அப்படித்தான் நினைத்து ஒரு சீசன் முழுக்க ஏமாந்தோம். கடைசியில் பார்த்தால் கடல்தண்ணீர் பம்பில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரில் மூன்று இறகு இல்லை. இம்பெல்லரை மாற்றினோம், ஒரு வாரம் நன்றாக இருந்தது, திரும்பவும் சூடு. உடைந்த இறகுகள் எங்கே போயின என்று யாருமே யோசிக்கவில்லை. அவை, எஞ்சின் கூலன்ட்டைக் கடல்தண்ணீரால் குளிரவைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் போய்க் குழாய்களை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நீங்கள் முகத்துவாரத்தில் சேற்றுத் தண்ணீரில் போய்வருகிறவர்கள், உங்களுக்கு இறகு சீக்கிரமே தேயும். எஞ்சினுக்கு இவ்வளவு வேலை பார்த்தபோது ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மூடியைத் திறந்தார்களா? உப்புத் தண்ணீரின் அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு குழாயைக் காக்கும் ஜிங்க் (துத்தநாக) கட்டையைப் பார்த்தார்களா? அது கரைந்து முடிந்திருந்தால் அடுத்தது குழாய்தான் அரிக்கும். குழாய் ஓட்டையானால் கூலன்ட்டில் உப்புத் தண்ணீர் கலந்து, புது லைனரை வெளியிலிருந்து தின்னும்.

அக்கரைப்பேட்டை தம்பி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஒரு நடையை விட்டுவிட்டுப் படகைத் திரும்பவும் ஏற்றினோம். அப்பாவை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் பெரும்பாடு, மெக்கானிக் அண்ணன் எழுதிய கணக்கை அவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். 46-க்கு வெட்டி, பாலன்ஸ் பார்த்து மாட்டினோம். நேற்று வெறும் ஓட்டத்தில் 1790. வலையோடு 1680. புகை, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது லேசாக வருவதோடு சரி.

அக்கா சொன்னதையும் செய்தேன். மூடியைத் திறந்தால் இரண்டு ரப்பர் இறகு, கை நிறையச் சேறு, ஜிங்க் கட்டை இருந்த இடத்தில் வெறும் திருகு. இம்பெல்லர் புதிது, கட்டை புதிது, குழாய்களைக் குச்சி விட்டுச் சுத்தம் செய்து அழுத்தம் கொடுத்துப் பார்த்தோம், கசிவு இல்லை. இப்போது வலை இழுக்கும்போது 82.

அக்கா, அந்தக் கட்டையை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கிறீர்கள்?

மண்டபம் படகுக்காரி:

மாதம் ஒருமுறை. பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுவேன், முழுதும் கரையும் வரை காத்திருக்க மாட்டேன். மாட்டும்போது திருகில் டேப் சுற்றாதீர்கள் தம்பி, உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் அது வேலை செய்யும்.