செப்பு ரிவிட்டை ஓங்கி அடிக்கலாமா?

ஏராக்கட்டை: பலகைமேல் பலகை ஏறி அமரும் கிளிங்கர் படகுகளைப் பற்றி எழுதுகையில், "செப்பு ரிவிட்டை எவ்வளவு ஓங்கி அடிக்கிறோமோ அவ்வளவுக்குப் பலகை இறுகும்" என்று இங்கே வடகடல் என்பவர் அறிவித்திருப்பதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. சதுரத் தண்டுள்ள செப்பு ஆணியை வெளியிலிருந்து செலுத்தி, சற்றே குவிந்த சிறு செப்பு வாசரைத் துளையுள்ள உளியால் தண்டில் இறக்கி, மிஞ்சியதை ஓரிரு மில்லிமீட்டர் விட்டு நறுக்கிய பிறகு, வெளியே ஒருவர் ஆணித்தலைக்குக் கனத்த இரும்பை முட்டுக் கொடுக்க, உள்ளே இருப்பவர் சிறு சுத்தியலால் தண்டின் நுனியை மெல்லத் தட்டித் தட்டித்தான் கொண்டை எழுப்பி ரிவிட்டாக்க வேண்டும். ஓங்கி அடித்தால் மென்செம்பு மரத்துக்குள்ளேயே வளைந்துவிடும். பிறகு படகு அலையில் முறுகும்போது வளைவு நிமிர்ந்து, பலகை தளர்ந்து, நீர் கசியும்.

வடகடல்: மரவேலையே என் தொழில்; சுத்தியல் பிடிக்க எனக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நார்வேயில் 1880இல் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் என்ற வைக்கிங் கப்பலின் ரிவிட்டுகள் ஆயிரம் ஆண்டு தாங்கியிருக்கின்றனவே, மெல்லத் தட்டியா அவற்றை அடித்தார்கள்?

ஏராக்கட்டை: அவை இரும்பு ரிவிட்டுகள், செம்பு அல்ல. ஓக் பலகைகளை ஒன்றோடொன்று இணைத்தது அந்த இரும்பு. நீர்மட்டத்துக்குக் கீழே பலகைகளை வங்குகளோடு, அதாவது கப்பலின் விலாச் சட்டங்களோடு, கட்டியே வைத்திருந்தார்கள். கப்பல் இத்தனை காலம் நிலைத்ததற்கு அதை மூடிக்கிடந்த களிமண் காரணமே தவிர, அடியின் வேகம் அல்ல. செம்பை மெல்லத்தான் தட்ட வேண்டும்.

உப்புக்காற்று: நீங்கள் இருவரும் செம்பை ஏன் இப்படிக் கொண்டாடுகிறீர்கள்? பிரிட்டிஷ் கடற்படை 1761இல் அலார்ம் என்ற கப்பலுக்குச் செப்புத் தகடு போர்த்தியது. இரண்டே ஆண்டில் இரும்பு ஆணிகள் அரித்துப்போயின.

ஏராக்கட்டை: அரித்தது இரும்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செம்பும் இரும்பும் கடல்நீரில் தொட்டுக்கொண்டால் இரும்புதான் அழியும். அதே கப்பலில் செப்புத் தகட்டுக்கும் இரும்புக்கும் இடையே வைத்த பழுப்புக் காகிதம் கிழியாமல் இருந்த இடங்களில் ஆணிகள் தப்பின. ஆணியும் வாசரும் இரண்டுமே செம்பாக இருக்க வேண்டும் என்பதற்கே அது சான்று. பாதிச் செய்தியை எடுத்துவந்து வாதாடுவது உங்களுக்கு வழக்கமாகிவிட்டது. தார் பூசுவது பற்றிய பேச்சிலும் இதையேதான் செய்தீர்கள்.

உப்புக்காற்று: தார் விஷயத்தில் நான் சொன்னது சரி. அதற்கு இன்றுவரை உங்களிடமிருந்து பதில் வரவில்லை.

வடகடல்: தாரை விடுங்கள். துளையை ஆணியைவிடச் சற்றுச் சிறிதாக இட்டால் தண்டு வளைய இடமே இருக்காது. எனவே ஓங்கி அடிக்கலாம்.

ஏராக்கட்டை: துளை இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் அதை மிகச் சிறிதாக்கினால் பலகையின் ஓரம் பிளக்கும். துளை எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், பலத்த அடி வாசரை மரத்துக்குள் அமிழ்த்தி அதன் நார்களை நசுக்கிவிடும். பலகைகளை நெருக்குவது வாசர் இறக்கும் உளியின் வேலை. அந்தப் பிடி நழுவாமல் கொண்டை கட்டுவது மட்டுமே சுத்தியலின் வேலை. மெல்லத் தட்டுங்கள் என்று மூன்றாம் முறையாக எழுதுகிறேன்.

வடகடல்: நீங்கள் முப்பது முறை எழுதினாலும் என் கை வேகம் குறையாது. நான் அடித்த ரிவிட்டைப் பிரித்து, உள்ளே வளைந்த தண்டைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.